வைஃபை என்ற வரியே இல்லை

2024இல் பொறியியல் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த நேரம். அக்கா மகள் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரிக் குறியீடும் பாடப்பிரிவுமாக நூற்றுக்கு மேல் ஒரு நோட்டில் வரிசை போட்டு எழுதி வைத்திருந்தாள். அதை இணையத்தில் ஏற்ற மறுநாள் மாலை வரைதான் நேரம். போன் திரையில் அவ்வளவு நீளமான பட்டியலை மேலும் கீழும் நகர்த்தி அடுக்குவது கஷ்டம் என்றுதான் என் மடிக்கணினியை நம்பி வந்தாள். இரவு எட்டு மணிக்கு அதைத் திறந்தவள், “மாமா, வைஃபை போச்சு” என்றாள்.

வைஃபை போச்சு என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அது எப்படிப் போனது என்று கேட்டால்தான் அடுத்து எங்கே கை வைப்பது என்று தெரியும். “அந்த மெனுவில் என்னம்மா தெரியுது? பக்கத்து வீட்டு வைஃபை பேரெல்லாம் வருதா?” என்று கேட்டேன்.

“பேரா? வைஃபைன்னு ஒரு வரியே இல்ல மாமா. ப்ளூடூத் இருக்கு, சவுண்டு இருக்கு, பேட்டரி இருக்கு. அது மட்டும் காணோம்.”

என்னுடைய பாதி வேலையை அந்தப் பதிலே முடித்துவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் வயலைத் தோண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார்கள். எது வரை ஈரம் இருக்கிறது, எந்த மதகில் அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார்கள். தாத்தா அப்படி நடந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். என் மடிக்கணினியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் வைஃபை போனால் நான் செய்வதும் அதுதான்.

தலைமதகு என்பது மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டை. அதை ஓட்டும் மென்பொருளான டிரைவர், இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஒரு மாட்யூலாக, அதாவது தனித்துண்டாக, ஏறும். அட்டைக்குள்ளேயே ஒரு குட்டிச் செயலி உண்டு. அதில் ஓடும் நிரலைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். பல அட்டைகளில் அது நிரந்தரமாகத் தங்குவதில்லை. கணினியைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் அதை வட்டிலிருந்து எடுத்து அட்டைக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு அடுத்து, கடவுச்சொல்லைக் காட்டி ரூட்டரிடம் அனுமதி வாங்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட். அப்புறம் இணைப்புகளைக் கவனிக்கும், மெனுவில் நாம் கண்ணால் பார்க்கும் நெட்வொர்க்மேனேஜர். பிறகு முகவரி வழங்கும் டிஹெச்சிபி வழியாக ஒரு ஐபி முகவரி, கடைசியாக இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ். இத்தனை மதகும் திறந்திருந்தால்தான் ஒரு பக்கம் திறக்கும்.

மெனுவில் வைஃபை என்ற வரியே இல்லை என்றால் அடைப்பு தலைமதகுப் பக்கம்: அட்டை, டிரைவர், ஃபர்ம்வேர் இவற்றில் ஒன்று. வரி இருக்கிறது, ஆனால் அக்கம்பக்கத்துப் பெயர் ஒன்றுகூட வரவில்லை என்றால் ரேடியோவை ஏதோ பூட்டியிருக்கிறது, அல்லது ஆன்டெனா கம்பி கழன்றிருக்கிறது. பெயர்கள் வருகின்றன, நம் ரூட்டரோடு மட்டும் சேர மாட்டேன் என்கிறது என்றால் கடவுச்சொல், பாதுகாப்பு முறை பக்கம் பார்க்க வேண்டும். சேர்ந்தும் விட்டது, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் வைஃபையைக் குறை சொல்லவே வேண்டாம். ஐபி, டிஎன்எஸ், ரூட்டருக்கு வெளியே இருக்கும் இணைப்பு என்று தேட வேண்டும். இந்த நான்கையும் குழப்பிக்கொண்டு, டிஎன்எஸ் பிரச்சினைக்கு டிரைவரை அழித்துவிட்டு மறுபடி நிறுவியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன்.

ஒரு முறை அதற்கு விலையும் கொடுத்தேன். வைஃபை சேரவில்லை என்று எங்கோ படித்த ஒரு கட்டளையை அப்படியே தட்டினேன். அது நெட்வொர்க்மேனேஜரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னது. நீக்குகிற வரை சரியாகவே நடந்தது. மறுபடி நிறுவ இணையம் வேண்டும், அது இல்லை. மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய் ஒரு பென்டிரைவில் அந்த மென்பொருள் பொதியையும் அது சார்ந்த பொதிகளையும் இறக்கிக்கொண்டு வரும் வரை கணினி அப்படியே கிடந்தது. இணையம் இல்லாதபோது எதையும் நீக்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இன்று வரை மீறவில்லை.

அதனால் அன்று இரவு முதலில் செய்தது பழுது பார்ப்பது அல்ல. என் ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் வயரால் மடிக்கணினியோடு இணைத்து, போனின் இணையத்தை வயர் வழியே கணினிக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்கைப் போன் அமைப்பில் தட்டினேன். அவ்வளவுதான். லினக்ஸ் அதை ஒரு வயர் இணைப்பாக எடுத்துக்கொண்டது. அதற்கான டிரைவர் கர்னலிலேயே இருப்பதால் எதையும் நிறுவ வேண்டியதில்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பையே கணினிக்குக் கடத்தும், சிம்மின் டேட்டாகூடச் செலவாகாது. இது தெரியாமல் ராத்திரி பதினோரு மணிக்கு ரூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வயரில் தரவும் போக வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். சில மலிவான வயர்களில் மின்சாரம் மட்டும்தான் போகும், போனில் டெதரிங் என்ற தேர்வே அழுத்த வராது.

அவள் பட்டியலை ஏற்றி முடிக்க பத்தரை ஆனது. முதல் ஐந்து இடத்தை மூன்று முறை மாற்றினாள். அவள் தூங்கப் போன பிறகு மடிக்கணினியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அட்டை உயிரோடு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ப்ளூடூத் வேலை செய்கிறது என்று அவள் சொன்னதே நல்ல தடயம். பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே அட்டையில்தான் இருக்கும். வைஃபை, கணினிக்குள் அட்டைகளை இணைக்கும் பிசிஐ வழியாகவும் ப்ளூடூத் உள்ளே ஓடும் யுஎஸ்பி வழியாகவும் பேசும். ப்ளூடூத் பேசுகிறது என்றால் அட்டைக்கு மின்சாரம் வருகிறது. எல்எஸ்பிசிஐ -கே என்று தட்டினேன். பிசிஐயில் தொங்கும் ஒவ்வொரு சாதனத்தையும், அதை இப்போது எந்த டிரைவர் ஓட்டுகிறது என்பதையும் அது காட்டும். என் வைஃபை அட்டையின் பெயர் இருந்தது. அதன் கீழே இருக்க வேண்டிய ‘பயன்பாட்டில் உள்ள டிரைவர்’ என்ற வரி இல்லை. அட்டை இருக்கிறது, ஓட்டுநர் இல்லை.

டிஎம்இஎஸ்ஜி கொடுத்து, கணினி எழுந்ததிலிருந்து கர்னல் சொன்னதை எல்லாம் படித்தேன். ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்றால் எந்தக் கோப்பைத் தேடி ஏமாந்தது என்று பெயரோடு அங்கே எழுதியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. டிரைவர் ஏற முயன்று தோற்றதற்கான தடயமும் இல்லை. டிரைவர் ஏறவே வரவில்லை.

அப்போதுதான் காலையில் செய்தது நினைவுக்கு வந்தது. நான் பயன்படுத்தும் லினக்ஸ் வகையான டெபியன் 12இல் புதுப்பிப்புகளை நிறுவியிருந்தேன். அதில் ஒரு புதிய கர்னலும் வந்திருந்தது, அதே 6.1 வரிசைதான், கடைசி எண் மட்டும் கூடியிருந்தது. கணினியை மறுபடி தொடங்கி, அது எழும்போது வரும் கிரப் மெனுவில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். வைஃபை வந்தது. ரூட்டரோடு தானாகவே சேர்ந்தும் கொண்டது. பழைய கர்னல் ஒன்றை எப்போதும் விட்டுவைப்பது இதற்காகத்தான். இடம் மிச்சம் பிடிக்க அதைக் கையால் அழிக்காதீர்கள். அட்டை பழுதா, மென்பொருள் பழுதா என்ற கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லும் சாட்சி அதுதான்.

என் அட்டையின் டிரைவர் கர்னலோடு வருவதில்லை. சிப் தயாரித்த நிறுவனம் தனியாகக் கொடுத்ததை, ஒவ்வொரு கர்னலுக்கும் என் கணினியிலேயே தொகுத்துக்கொள்ள வேண்டும், அதாவது கம்பைல் செய்ய வேண்டும். கர்னல் தன் உள்ளே இருக்கும் இடைமுகங்களை, அதாவது டிரைவர்கள் அதனோடு பேசும் வழிகளை, மாறாமல் வைத்திருப்பதாக எந்த வாக்கும் கொடுப்பதில்லை. வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. கர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களை, இடைமுகத்தை மாற்றுபவர்களே கூடவே திருத்திவிடுவார்கள். வெளியே நிற்கும் டிரைவர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொகுப்பு வேலையைத் தானாகச் செய்வதற்குத்தான் டிகேஎம்எஸ் இருக்கிறது. டெல் நிறுவனத்தின் லினக்ஸ் பொறியாளர்கள் 2003இல் எழுதிய கருவி. புதிய கர்னல் வந்ததும் அது விழித்துக்கொண்டு டிரைவரைத் தொகுத்து வைக்கும்.

அப்படியானால் அது ஏன் தொகுக்கவில்லை? டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று கேட்டேன். பழைய கர்னலுக்கு மட்டும் நிறுவப்பட்டிருப்பதாகச் சொன்னது. மென்பொருளை நிறுவும் ஏபிடி, தான் செய்வதை எல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும். அதைத் திறந்து காலை நேரத்துக்குப் போனேன். நூறு வரிகளுக்கு நடுவே ஒரு வரி, இந்தக் கர்னலுக்கான ஹெடர் கோப்புகள் கிடைக்கவில்லை என்று. காலையில் என் கண் முன்னால்தான் அது ஓடியிருக்கிறது. நான் காபி போடப் போயிருந்தேன்.

ஹெடர் என்பது அந்தக் கர்னலின் இடைமுகங்களை விவரிக்கும் கோப்பு. அது இல்லாமல் தொகுக்க முடியாது. அது ஏன் இல்லை என்பதற்கு இன்னும் ஒரு படி மேலே நடக்க வேண்டியிருந்தது. மடிக்கணினி வாங்கிய புதிதில் டிரைவரை நிறுவியபோது, எல்லோரும் எழுதிவைத்திருக்கும் அந்தக் கட்டளையைத்தான் நானும் தட்டியிருந்தேன்: இப்போது ஓடும் கர்னலின் எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணுக்கான ஹெடரை நிறுவு. அது சொன்னபடியே செய்தது. அந்த ஒரு எண்ணுக்கு மட்டும். டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்று ஒரு பொதி உண்டு. அதற்குள் எதுவும் இல்லை. புதிய கர்னல் வரும்போதெல்லாம் அதற்குரிய ஹெடரைக் கூடவே இழுத்து வருவது மட்டும்தான் அதன் வேலை. அதை நான் நிறுவியிருக்கவில்லை. இடையில் வந்த கர்னல்களுக்கு ஒவ்வொரு முறையும் கையால் ஹெடர் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரச்சினையைத் தீர்க்காமல் அதன் மேல் மண் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

பொதியை நிறுவினேன். டிகேஎம்எஸ் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொண்டு டிரைவரைத் தொகுத்தது. புதிய கர்னலில் தொடங்கினேன். வைஃபை என்ற வரி வந்தது, அதன் கீழே தெருவில் இருக்கும் ஏழெட்டு வீட்டுப் பெயர்களும் வந்தன. மணி பன்னிரண்டே கால்.

அந்த இரவில் ஒன்று மனதை உறுத்தியது. நாம் காசு கொடுத்து வாங்கிய அட்டை எப்படி வேலை செய்கிறது என்பது ஏன் நமக்குத் தெரியக்கூடாது? நான் லினக்ஸுக்கு வந்தது 2007இல், உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் குறுந்தகடு தபாலில் இலவசமாக வீட்டுக்கு வந்த காலம். அப்போது வைஃபை வேலை செய்தால் அதிசயம். என்டிஐஎஸ்ராப்பர் என்ற ஒன்றைப் போட்டு, விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் கொண்டுவந்து ஓட்டுவோம். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்களுக்கு ஆவணம் இல்லாதபோது தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து வேலை செய்தார்கள். ஒரு குழு, இருக்கும் டிரைவரைப் பிரித்துப் படித்து சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று விவரக்குறிப்பு எழுதும். இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக நிரல் எழுதும். மூல டிரைவரை அவர்கள் கண்ணால் பார்க்கவே கூடாது, பதிப்புரிமைச் சிக்கல் வரக்கூடாது என்பதற்காக. அந்த டிரைவர் 2006இல் வந்த 2.6.17 கர்னலில் சேர்ந்தது. நான்கு வருடம் கழித்து, 2010 செப்டம்பரில், அந்த நிறுவனமே ஒரு திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. அதற்கு முன்பே 2008இல் இன்னொரு சிப் நிறுவனமான அதீராஸ், தன் ஏடிஹெச்9கே டிரைவரைத் திறந்துவிட்டிருந்தது. முகம் தெரியாத யாரோ எத்தனையோ இரவு உட்கார்ந்து ஒரு சிப்பின் உள் நினைவிடங்களை (ரெஜிஸ்டர்களை) ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டதால்தான் இன்றைக்குப் பெரும்பாலான மடிக்கணினிகளில் லினக்ஸ் போட்டவுடன் வைஃபை வருகிறது. அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கும்.

ஃபர்ம்வேர் கதை வேறு. அது பெரும்பாலும் இன்னும் மூடியே இருக்கிறது. டெபியன் தன் கொள்கைப்படி மூல நிரல் திறக்கப்படாத, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் படிமத்தில் சேர்க்காமல் இருந்தது. நிறுவும்போது பாதியில் நின்று, இன்ன கோப்பைப் பென்டிரைவில் கொண்டு வா என்று கேட்கும். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேரும் கூடவே வருகிறது. கொள்கை அளவில் எனக்கு வருத்தம்தான். ஆனால் வயர் இணைப்புக்கான துளையே இல்லாத மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் வேறு என்ன செய்வார்? அந்த வாக்கெடுப்பில் எனக்கு ஓட்டு இருந்திருந்தால் நானும் மாற்றத்துக்குத்தான் போட்டிருப்பேன்.

மற்ற மதகுகளிலும் அடைப்புகளைப் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவருக்கு டிகேஎம்எஸ் ஒழுங்காகத் தொகுத்தும் கர்னல் டிரைவரை ஏற்ற மறுத்தது. கணினி எழும்போதே காவல் பார்க்கும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தது, கையொப்பமில்லாத மாட்யூலை அது உள்ளே விடாது. கணினியின் உரிமையாளரே சேர்க்கும் மோக் என்ற சாவியைப் பதிவு செய்து, ஒரு கடவுச்சொல் வைத்து, மறுபடி தொடங்கும்போது வரும் நீலத் திரையில் அதைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரை பத்து விநாடிதான் காத்திருக்கும். தவறவிட்டால் முதலிலிருந்து. அவர் இரண்டு முறை தவறவிட்டார்.

இன்னொரு வீட்டில் வைஃபை வரி இருந்தது, பெயர்கள் வரவில்லை. ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று தட்டியதும் ‘ஹார்டு பிளாக்ட்: எஸ்’ என்றது. சாஃப்ட் பிளாக் என்றால் ஒரு கட்டளையில் திறந்துவிடலாம். ஹார்டு என்றால் பெரும்பாலும் கணினியின் உடம்பில் எங்கோ ஒரு நிஜமான சுவிட்ச் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மாடலில் முன்விளிம்பில், பையிலிருந்து எடுக்கும்போது விரல் படும் இடத்தில் இருந்தது.

அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மடிக்கணினிக்கு ஊரில் எல்லா வைஃபையும் தெரியும், அந்த வீட்டு ரூட்டர் மட்டும் தெரியாது. ரூட்டர் 13ஆம் சேனலில் இருந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 வரை போகலாம், அமெரிக்க அமைப்பில் இருக்கும் அட்டை 11க்கு மேல் கேட்பதில்லை. ரூட்டரை 6ஆம் சேனலுக்கு மாற்றினோம், முடிந்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கணினிகளில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஒரு தொல்லை. நிறுத்தியது போலத் தெரியும், உண்மையில் பாதித் தூக்கத்தில்தான் விடும். அட்டை அரைகுறை நிலையில் இருக்க, சில நேரம் லினக்ஸால் அதை எழுப்ப முடியாது. சேர்ந்த இணைப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தால் மின்சேமிப்பைச் சந்தேகப்படலாம். நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருந்தால் 2 ஆக்கிப் பாருங்கள். எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்றும் தெரியாது, எது புதிதாகக் கெடுத்தது என்றும் தெரியாது.

அடுத்த மாதம் சென்னை போனபோது ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய அட்டைகள் விற்கும் ஒரு கடையில் அதீராஸ் அட்டை ஒன்றை வாங்கினேன். அதன் வைஃபையை ஏடிஹெச்9கே ஓட்டும். டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, வைஃபைக்கு ஃபர்ம்வேர் கோப்பும் ஏற்ற வேண்டியதில்லை. வேகம் 300 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாத பழைய தலைமுறைதான், எங்கள் வீட்டு இணைப்புக்கு அது தாராளம். சில மடிக்கணினிகள், அவற்றை எழுப்பும் பயாஸில் அனுமதித்த அட்டைகளை மட்டுமே ஏற்கும் என்பதால் வாங்கும் முன் நம் மாடலைப் பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது. அட்டையை மாற்றுவது ஒரு திருகாணி வேலை. ஆன்டெனாவின் இரண்டு மெல்லிய கம்பிகளை மாட்டுவதுதான் பொறுமையைக் கேட்கும். நுனியில் இருக்கும் வளையத்தை நேராக வைத்து நகத்தால் அழுத்தினால் டிக் என்று உட்கார வேண்டும். சாய்த்து அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும். டிகேஎம்எஸ்ஸையும் அந்த டிரைவரையும் அன்றே நீக்கினேன், இந்த முறை இணையம் இருக்கும்போது.

அந்த மடிக்கணினி இப்போது அவளிடம் இருக்கிறது. விடுதியில் சேர்ந்த வாரம் ஒரு நாள் இரவு கூப்பிட்டாள்.

“மாமா, வைஃபைன்னு வரி இருக்கு. பேரெல்லாம் வருது. விடுதி வைஃபைல சேர்ந்தும் ஆச்சு, ஐபியும் வந்திருக்கு. ரூட்டருக்கு பிங் போகுது. வெளிய எங்கயும் போகல. பக்கம் எதுவும் திறக்கல.”

நான் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. லாகின் செய்யும் வரை விடுதி வைஃபை வெளியே விடாது, பூட்டில்லாத ஹெச்டிடிபி பக்கத்தில்தான் அந்த லாகின் குறுக்கே வர முடியும். “ஹெச்டிடிபிஎஸ் இல்லாம, வெறும் ஹெச்டிடிபில ஏதாவது ஒரு பக்கத்தத் திறம்மா” என்றேன்.

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அமைதி.

“லாகின் பக்கம் வந்துடுச்சு மாமா. பதிவு எண் கேக்குது. இருங்க, அடையாள அட்டை பையில இருக்கு, எடுத்துட்டு வரேன்.”